வேப்பெண்ணெய் எத்தனை மணி நேரம் தாங்கும்?

வாசகர் கேள்வி – பதில் பகுதியில் இந்த முறை கொசு. பதில் சொல்பவர், பொதுச் சுகாதாரத் துறையின் பூச்சியியல் பிரிவில் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ‘கொசுக்கார அம்மா’.

கேள்வி: ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து டி.வி. பார்த்தாலும் கொசு என்னைத்தான் தேடி வருகிறது. என் கணவர் சட்டையில்லாமல் உட்கார்ந்திருப்பார், அவரைத் தொடுவதே இல்லை. “உனக்கு இனிப்பு ரத்தம்” என்கிறார் மாமியார். சர்க்கரை நோய் வரப்போகிறதோ என்று பயமாக இருக்கிறது. – வாசகி, கொரட்டூர்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. ரத்தம் இனிப்பா கசப்பா என்று கொசுவுக்குத் தெரிவதெல்லாம் ஊசியை இறக்கிய பிறகுதான். அது ஆளைத் தேடி வருவது வேறு வழியில். தூரத்தில் நம் மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு வரும். கிட்டே வந்ததும் உடம்புச் சூடு, வியர்வையில் இருக்கும் லாக்டிக் அமிலம், தோல்மேல் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் கிளப்பும் வாடை. இந்த வாடை ஆளுக்கு ஆள் மாறும். கருவுற்ற பெண்களைக் கொசு அதிகம் தேடும். ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் பார்த்தபோது மற்ற பெண்களைவிட இவர்களிடம் இரண்டு மடங்கு வந்திருக்கிறது. ‘ஓ’ குரூப் ரத்தக்காரர்களை அதிகம் கடிக்கும் என்று ஓர் ஆய்வு சொல்லும், இல்லை என்று இன்னொன்று சொல்லும். குரூப்பை மாற்ற முடியாது, அதை விடுங்கள்.

உங்கள் கணவரையும் கடித்துக்கொண்டுதான் இருக்கும். சிலருக்குத் தடிப்பதில்லை, அரிப்பதில்லை, அவ்வளவுதான். கடிப்பது பெண் கொசு. முட்டை வளர அதற்குப் புரதம் வேண்டும். அந்த அவசரத்தில் ஆண்பிள்ளை என்று பார்த்து ஒதுக்காது.

செய்ய வேண்டியது இது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறுப்பும் சிவப்பும் வேண்டாம், வெளிர் நிறத்தில் காலை மூடும் உடை போடுங்கள். கையில் இருக்கும் மருந்துகளிலேயே சுத்தமான இயற்கை மருந்து காற்று. கொசு பலவீனமாகப் பறக்கிற பூச்சி, காற்றை எதிர்த்து வராது. நம் மூச்சையும் வாடையையும் காற்று கலைத்துவிடுவதால் வழியும் தெரியாது. ஆனால் தலைக்கு மேலே சுற்றும் ஃபேனின் காற்று டீப்பாய்க்குக் கீழே போகாது, உங்கள் கால் அங்கேதான் இருக்கிறது. ஸ்டாண்டு ஃபேனைத் தாழ்த்தி முழங்காலுக்குக் கீழே காற்று படும்படி வையுங்கள். மாமியாரின் ஆராய்ச்சி ஒரே வாரத்தில் முடிந்துவிடும்.

கேள்வி: தேங்காய் எண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து தேய்த்தால் கொசு கடிக்காது என்கிறார்களே, உண்மையா? என்ன அளவு? ஒரு வயதுப் பேரனுக்குத் தேய்க்கலாமா? – வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உண்மைதான். ஆனால் எந்தக் கொசு, எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கொசுவுக்கு எதிராக யார் எதைச் சொன்னாலும் இந்த இரண்டையும் கேளுங்கள். பாதி வைத்தியம் அந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும்.

வேப்பெண்ணெய் உதிராத சங்கதி. டெல்லி மலேரியா ஆராய்ச்சி மையத்தார் தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து தேய்த்துப் பார்த்து 1993-இல் எழுதியிருக்கிறார்கள். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசு இரவெல்லாம் அண்டவில்லை. சாக்கடையில் பிறக்கும் கியூலெக்ஸும், பகலில் கடிக்கும் ஏடிஸும் அந்த அளவுக்கு மசியவில்லை. இன்றைக்கு உங்கள் வீட்டில் கடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். ஆகவே ராத்திரி ஒரு தடவை தேய்த்துவிட்டு விடியும்வரை நிம்மதி என்று கணக்குப் போடாதீர்கள். புழுக்கத்தில் வியர்த்து வழிந்தால் எண்ணெயும் கூடவே வழியும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நான் அதை நம்ப மாட்டேன்.

அளவு: கால் லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய். அதுவே 2 சதவீதம். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகப் பலிக்கும் என்று நினைத்துப் பாதிக்குப் பாதி கலக்கிறவர்கள் உண்டு. தோல் எரியும், வீட்டில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். முதலில் முழங்கைக்குள்ளே கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள்.

பேரன் விஷயத்தில் நான் கண்டிப்பு. ஒரு வயதுக் குழந்தை கையை வாயில் வைக்கும், காலையும் வைக்கும். வேப்பெண்ணெய் உள்ளே போகக் கூடாது. மலேசியாவில் நம் ஆட்கள் வைத்தியம் என்று கைக்குழந்தைகளுக்கு இதைப் புகட்டி, வாந்தியும் வலிப்புமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய சம்பவங்கள் 1980-களின் தொடக்கத்திலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குழந்தைக்குக் குடைவலையும் காலை மூடும் பருத்தித் துணியும் போதும். எண்ணெயைத் தாத்தா தேய்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊட்டியிலிருந்து நீலகிரித் தைலம் வாங்கி வந்தேன். யூகலிப்டஸ் எண்ணெயைக் கொசு விரட்டியாக அமெரிக்காவிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று படித்தேன். எனக்கு அரை மணி நேரம்கூட வேலை செய்யவில்லை. போலியா? – வாசகர், திருப்பூர்

பதில்: தைலம் அசலாகவே இருக்கும். மரம்தான் வேறு. ஊட்டித் தைலம் எடுப்பது நீல யூகலிப்டஸ் மர இலையிலிருந்து. அதில் இருப்பது சினியோல். சளிக்கும் மூக்கடைப்புக்கும் நல்லது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் பட்டியலில் வைத்திருப்பது, இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாடை அடிக்கும் இன்னொரு யூகலிப்டஸின் எண்ணெயை. அதையும் அப்படியே பிழிந்து ஊற்றுவதில்லை, பி.எம்.டி. என்ற பொருள் கூடும்படி பக்குவம் செய்த எண்ணெய் அது. செடியிலிருந்து வருபவற்றில் மணிக்கணக்காகத் தாங்குவது என்றால் அதுதான். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதுவும் கூடாது. வாங்கும்போது பாட்டிலில் பி.எம்.டி. என்று இருக்கிறதா பாருங்கள். ஊட்டித் தைலத்தை மழைக்காலச் சளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிட்ரோனெல்லா, அதாவது காவட்டம்புல் வகை எண்ணெயைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேலை செய்யும். ஒரு மணி நேரத்துக்குள் ஆவியாகிப் போய்விடும். கோயில் திருவிழாவுக்குப் போய் வர ஆகும், தூங்க ஆகாது.

கேள்வி: எங்கள் வீட்டில் சாயங்காலம் சாம்பிராணியோடு வேப்பிலை, நொச்சி போட்டுப் புகை போடுவோம். கொசுவத்திக் காயிலைவிட இது நல்லதுதானே? மாமனாருக்கு வீசிங் இருக்கிறது. – வாசகி, திருவிடைமருதூர்

பதில்: நொச்சிப் புகைக்குக் கொசு ஓடும். மாட்டுக் கொட்டகையில் நொச்சித் தழையை எரு வறட்டியோடு மூட்டம் போட்ட ஊர்களில், அந்தி சாய்ந்ததும் டார்ச்சும் உறிஞ்சுகுழாயுமாகக் கொசு பிடிக்கப் போய், ஒன்றும் கிடைக்காமல் அடுத்த தெருவுக்குப் போன நாள்கள் எனக்கு உண்டு. மாடு திறந்த கொட்டகையில் நிற்கிறது, புகை மேலே போய்விடும். உங்கள் மாமனார் நாலு சுவருக்குள் படுத்திருக்கிறார்.

ஒரு காயில் எரிந்து முடியும்போது கிளம்பும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் கிளப்பும் நுண்துகளுக்குச் சமம் என்று 2003-இல் அளந்து சொல்லியிருக்கிறார்கள். வேப்பிலை என்பதற்காக நுரையீரல் சலுகை தராது, இலைப்புகையும் துகள்தான். போட்டே ஆக வேண்டும் என்றால் எல்லாரும் வெளியே வந்துவிட்டு, ஆளில்லாத அறையில் போட்டு, புகை அடங்கியபின் உள்ளே போங்கள். மாமனார் கடைசியாகப் போகட்டும். கற்பூரத்தை மண்ணெண்ணெயில் கரைத்து விளக்கு ஏற்றும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து ஒரு பக்கம். கற்பூரத்தைக் குழந்தை எடுத்து வாயில் போட்டால் வலிப்பு வரும்.

நொச்சிச் செடி வைத்தாலே கொசு வராது என்று நம்பி வளர்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னை மாநகராட்சியே முன்பு ஆற்றோர, கால்வாயோர வீடுகளுக்கு நொச்சிக் கன்று கொடுத்தது. செடி நல்ல செடி, மூட்டுவலிக்கு இலை உதவும். ஆனால் வாடை வெளியே வர இலையைக் கசக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும். சும்மா நிற்கும் நொச்சியின் நிழலில் கொசு உட்கார்ந்து இளைப்பாறும்.

கேள்வி: சாயங்காலம் ஆறு மணி ஆனால் வீட்டுக்குள் படையெடுப்பு. தெருவில் சாக்கடைகூட இல்லை. எங்கிருந்து வருகிறது? – வாசகர், மறைமலை நகர்

பதில்: உங்கள் மொட்டை மாடிக்குப் போய் செப்டிக் டேங்க்கிலிருந்து மேலே வரும் காற்றுக் குழாயைப் பாருங்கள். வாயில் வலை கட்டியிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. நீங்கள் தேடும் சாக்கடை உங்கள் வீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு அழுக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு பிரியம். அந்தி நேரத்தில் அந்தக் குழாய் வழியாகக் கும்பலாகக் கிளம்பும்.

நைலான் வலையை இரண்டாக மடித்துக் குழாய் வாயில் போட்டு, வெயிலுக்கு இற்றுப்போகாத கம்பியால் கட்டுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். டேங்க் மூடியைச் சுற்றி விரல் நுழையும் விரிசல் இருந்தால் சிமென்ட் பூசுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள், கொசுவுக்குக் காம்பவுண்டுச் சுவர் கிடையாது. இதற்கு ஆகும் செலவு ஒரு மாதத்துக் கொசுவிரட்டி லிக்விட் செலவுகூட இல்லை. என்னைக் கேட்டால் நகரத்து வீடுகளில் இதைவிடப் பெரிய பலன் தரும் வேலை வேறில்லை. ஆனால் உடம்பில் தடவ எண்ணெய் சொல்லுங்கள் என்று எழுதுகிறவர்கள் பலர். குழாயைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம்.

ஜன்னலை ஐந்தரைக்கே சாத்திவிட்டு ஏழரைக்குத் திறந்தால் உள்ளே வரும் கூட்டமும் பாதியாகும்.

கேள்வி: எங்களுக்குக் குடிநீர் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது. டிரம்மில் பிடித்து வைக்காமல் முடியாது. பணியாளர்கள் வந்து புழு இருக்கிறது என்று கொட்டச் சொல்கிறார்கள். பிள்ளையைப் பகலிலேயே கடிக்கிறது. இயற்கை வழி இருக்கிறதா? – வாசகி, கோவை மாவட்டம்

பதில்: உங்கள் கோபம் நியாயம் தாயி. பத்து நாள் இடைவெளியில் தண்ணீர் விட்டால், ஏடிஸ் கொசுவுக்கு அது அளந்து கொடுத்த கெடு. முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள்தான் ஆகும். டெங்கு பரப்பும் இந்தக் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. நீங்கள் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். காலை வெயில் ஏறும் நேரத்திலும், பொழுது சாயும் முன்னும் அதிகம் கடிக்கும். காலில், கணுக்காலில்.

தண்ணீரைக் கொட்ட வேண்டாம். டிரம் வாயைப் பழைய வேட்டித் துணியால் மூடி, நடுவில் தொய்ந்து தண்ணீரில் படாதபடி இழுத்து, கயிற்றால் இறுகக் கட்டுங்கள். மூடி மட்டும் போட்டால் இடுக்கு இருக்கும், கொசு உள்ளே போய்விடும். புழு இருந்தால் அதே துணியில் இன்னொரு பாத்திரத்துக்கு வடிகட்டி, புழுவைத் தரையில் உதறுங்கள், தண்ணீர் உங்களுடையது.

டிரம் காலியாகும் நாளில்தான் உண்மையான வேலை. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் இடாது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பக்கச் சுவரில் ஒட்டிவைக்கும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அடுத்த தடவை தண்ணீர் ஏறினதும் பொரியும். வெறுமனே கவிழ்த்து வைப்பதால் பயன் இல்லை. தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டு உள்சுவரைச் சுற்றி அழுத்தித் தேய்க்க வேண்டும்.

பிறகு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி, கொட்டாங்குச்சி, டயர். எறும்புக்காக அலமாரிக் காலடியில் வைக்கும் கிண்ணத்தில் ஒரு பிடி கல்லுப்பு போட்டுவிடுங்கள். இந்தக் கொசு பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் அதிகம் போகாது. ஆகவே உங்கள் பிள்ளையைக் கடித்தது உங்கள் தெருவில் பிறந்ததுதான்.

இயற்கை என்று கேட்டதால் இதையும் சொல்கிறேன். 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் கண்டுபிடித்த பி.டி.ஐ. என்ற பாக்டீரியா இருக்கிறது. கொசுப்புழு அதைத் தின்றால் குடல் வெந்து சாகும். மீனுக்கும் மனிதருக்கும் ஒன்றும் செய்யாது. உங்கள் பகுதி சுகாதார ஆய்வாளரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். டெங்கு பரவும் மாதங்களில் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது கடைக் கிரீம் தடவி அனுப்புவதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. இயற்கை என்ற பிடிவாதத்துக்காகக் காய்ச்சலை வாங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வளவில் உள்ள கிணற்றுக்குள் மீன் விடும்படி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து சொல்லிவிட்டுப் போகிறார். தண்ணீர் பழுதாகிவிடும் என்று அம்மா மறுக்கிறா. இலங்கையில் மலேரியா இல்லாமல் போய்விட்டதுதானே, பிறகு ஏன் நுளம்புக்கு (கொசுவுக்கு) இவ்வளவு பாடு? – வாசகர், மன்னார்

பதில்: உங்கள் கடலுக்கு இந்தப் பக்கம் ராமேஸ்வரம் தீவில் நான் எட்டிப் பார்த்த கிணறுகள் கொஞ்சமல்ல, ஆகவே இந்தக் கேள்வி எனக்குச் சொந்தக்காரக் கேள்வி. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் சான்று கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் உங்கள் மன்னாரில் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் இலங்கையில் அது இருந்ததாகப் பதிவு இல்லை. சென்னையிலும் ராமேஸ்வரத்திலும் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பிறந்து எங்களை ஆட்டிவைத்த அதே நுளம்பு. நோய் இல்லை, ஆனால் நோயைச் சுமக்கத் தெரிந்த நுளம்பு வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் மலேரியாவோடு வந்து இறங்கினால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். பி.எச்.ஐ.யின் பாடு அதற்காகத்தான்.

அம்மாவிடம் சொல்லுங்கள், நாலைந்து சின்ன மீனால் கிணறு கெடாது. கப்பி மீன் என்றால் பெட்டைதான் பெரிசு, அதுதான் அதிகம் தின்னும். இந்தியாவுக்கு 1928-இல் கம்பூசியா மீனைக் கொண்டுவந்து கிணறு கிணறாக விட்டார்கள். புழுவை நன்றாகத் தின்றது, போன இடத்தில் உள்ளூர் மீன் குஞ்சையும் தின்றது. அதனால் எந்த மீனாக இருந்தாலும் கிணற்றோடு நிற்கட்டும், குளத்தில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். மீன் இருக்கும்போது குளோரின் தாராளமாகப் போட்டால் மீன் செத்து மிதக்கும், அப்போது அம்மா சொன்னது உண்மையாகிவிடும். மீனே வேண்டாம் என்றால் கிணற்று வாயை இடுக்கில்லாமல் வலையால் மூடுங்கள்.

கேள்வி: பூண்டு தின்றால் கொசு வராதா? நிலவேம்புக் குடிநீர் குடித்தால்? செல்போன் ஆப் ஒன்று சத்தம் எழுப்பி விரட்டுமாமே? பால்கனியில் துளசி? – வாசகர், மதுரை

பதில்: வரும். நிலவேம்பு காய்ச்சலுக்குத் தருகிற கஷாயம், கொசுவோடு அதற்கு வழக்கில்லை. ஆப் சத்தம் கொசுவுக்குப் பொருட்டே இல்லை என்று பலமுறை சோதித்தாகிவிட்டது. துளசிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்களே, தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டைப் பாருங்கள்.

கேள்வி: கொசுவலைக்குள் படுத்தும் கடிக்கிறது. வலையில் ஓட்டை இல்லை. – வாசகர், வேதாரண்யம்

பதில்: வலையை எப்போது கட்டுகிறீர்கள்? ஒன்பது மணிக்குக் கட்டினால் ஆறு மணிக்கு வந்த கொசுவும் உங்களோடு உள்ளே படுக்கும். பொழுது சாயும் முன் இறக்கி, நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். படுக்கும்போது உள்ளிருந்து டார்ச் அடித்து மூலைகளைப் பாருங்கள். வாங்கும்போது சதுர அங்குலத்துக்கு 156 கண் இருக்கும் வலையாகக் கேட்டு வாங்குங்கள். மலிவு வலையில் கண் பெரிதாக இருந்தால் சின்னக் கொசு நுழைந்துவிடும். இத்தனைக்குப் பிறகும் கடித்தால் உங்கள் முழங்கையோ பாதமோ வலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கொசு வெளியே உட்கார்ந்தபடியே குடிக்கிறது. பழைய காலத்து வலைகளில் கீழ்ப்பக்கம் ஒரு முழ அகலத்துக்குத் துணி வைத்துத் தைத்திருப்பார்கள். ஒரு வேட்டியைக் கிழித்து அதுபோலத் தைத்துக்கொள்ளுங்கள்.